ஆண்டிறுதியும் அடகு நகையும்

நம் நாட்டு வணிகருக்கு ஆண்டுப் பிறப்புகள் பல. சித்திரை முதல் நாளில் புதுக்கணக்கு எழுதுவோர் உளர்; ஆயுத பூசையன்று பேரேட்டுக்குப் பொட்டிடுவோர் உளர்; தீபாவளியன்று கணக்கு முடிப்போரும் உளர். அரசாங்கத்துக்கோ ஒரே ஆண்டுதான். அது ஏப்ரல் 1-ஆம் நாள் பிறந்து மார்ச்சு 31-ஆம் நாள் முடிகிறது. 1860-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் வில்சன் என்பார் இந்தியாவில் வருமான வரியைப் புகுத்தியபோது அரசின் கணக்காண்டு மே மாதத்தில் தொடங்கிற்று. இங்கிலாந்து அரசின் கணக்கோடு ஒத்திருக்கவேண்டும் என்பதற்காக 1867-இல் அதனை ஏப்ரலுக்கு மாற்றினர். சனவரிக்கு மாற்றலாம் என்று எல். கே. ஜா குழு 1985-இல் பரிந்துரைத்ததும் ஏற்கப்படவில்லை. ஆகவே பிள்ளைகளுக்குத் தேர்வு, வெயிலுக்குத் தொடக்கம், வீட்டுத் தலைவருக்குக் கணக்கு முடிப்பு என்று மூன்றும் ஒரே மாதத்தில் வந்து வீட்டை அலைக்கழிப்பது நமக்கு வாய்த்த விதி.

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டை செல்லும் சாலையில் அமைந்த நமது மங்கலம்பேட்டையிலும் சுற்றுப்புறத்திலும் பெருந்தொழிலதிபர் என்று கூறத்தக்கவர் மிகச் சிலரே. மளிகைக்கடை, துணிக்கடை, அரிசி மண்டி, முந்திரி வியாபாரம், பீங்கான் பட்டறை என்று குடும்பமே கூடி உழைக்கும் சிறுதொழில்களே மிகுதி. நெய்வேலிச் சுரங்கப் பகுதியில் கிடைக்கும் வெண்களியை நம்பி விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் வேரூன்றியது. அதற்கெனத் தொழில்நுட்பப் பயிலகமும் தொழிற்பேட்டையும் அங்கே உண்டு. பொம்மையும் அகல்விளக்கும் மின்சாரப் பியூசுக் கட்டையும் செய்து பிழைப்போர் பலர். அவர்களை மனத்திற்கொண்டே இம்மாதம் எழுதுகிறோம்.

சென்ற சில ஆண்டுகளாகச் சட்டங்கள் விரைந்து மாறி வருகின்றன. 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்துக்கு 2025-26 நிதியாண்டே இறுதி ஆண்டு. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருமாறு 2025-இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. 'முந்தைய ஆண்டு' என்றும் 'மதிப்பீட்டு ஆண்டு' என்றும் ஒரே வருமானத்துக்கு இரண்டு ஆண்டுப் பெயர் சொல்லி நம்மைக் குழப்பிவந்த வழக்கம் அதனோடு ஒழிந்து, 'வரி ஆண்டு' என்னும் ஒரே பெயர் வழங்குகிறது. சட்டப் பிரிவுகளின் எண்களும் மாறிவிட்டன. ஆதலால் எண்களைக் கூறி வாசகரைத் துன்புறுத்தாமல் பொருளை மட்டும் கூறுவோம்.

"சாமி, நமக்கு வரியே கிடையாதே, பின் எதற்குக் கணக்கு?" என்று நம்மைக் கேட்போர் பலர். இக்கேள்வியில் பாதி உண்மை உண்டு. புதிய வரிமுறைப்படி 2025-26-ஆம் ஆண்டு முதல், தொழில் வருமானம் 12 இலட்சம் ரூபாய் வரை உள்ள தனிநபர் தள்ளுபடியின் காரணமாக வரி செலுத்த வேண்டியதில்லை. ஆனால் வரி இல்லை என்பது வேறு, வரிக்கணக்குத் தாக்கல் செய்யவேண்டியதில்லை என்பது வேறு. வருமானம் 4 இலட்சத்தைத் தாண்டினால் தாக்கல் செய்தே ஆகவேண்டும். வருமானம் எவ்வளவு குறைவாயினும் ஆண்டு விற்பனை 60 இலட்சத்தைத் தாண்டியிருந்தாலும் அவ்வாறே. அன்றியும், வங்கியில் கடன் கேட்டுச் செல்லும்போது மேலாளர் முதலில் கேட்பது கடந்த ஆண்டுகளின் வரிக்கணக்கைத்தான். முத்ரா திட்டத்தில் முன் வாங்கிய கடனை ஒழுங்காகத் தீர்த்தவருக்கு 20 இலட்சம் வரை கடன் உண்டு என்று 2024-இல் வரம்பை உயர்த்தினர். அக்கதவு திறந்திருந்தும், கையில் ஒரு தாளும் இல்லாத காரணத்தால் வாசலிலேயே நின்றுவிட்டுக் கந்துவட்டிக்காரரிடம் திரும்பும் குடும்பங்களை நாம் அறிவோம்.

இரண்டு கோடி ரூபாய்க்குட்பட்ட விற்பனை உடையவர்களுக்குச் சட்டம் ஓர் எளிய வழியையும் வைத்துள்ளது. ரொக்க வரவு மொத்த வரவில் நூற்றுக்கு 5-க்கு மிகாதாயின் இவ்வரம்பு மூன்று கோடி. விற்பனையில் வங்கி வழியாகவோ கைப்பேசி வழியாகவோ வந்த தொகைக்கு நூற்றுக்கு 6, ரொக்கமாக வந்ததற்கு நூற்றுக்கு 8 என்று இலாபத்தை மதிப்பிட்டுக் காட்டலாம். உண்மை இலாபம் அதனினும் மிகுதியாயின் மிகுதியைக் காட்டலாம். சான்றாக, 30 இலட்சம் விற்பனையில் 20 இலட்சம் வங்கி வழியாகவும் 10 இலட்சம் ரொக்கமாகவும் வந்திருப்பின், முன்னதற்கு 1,20,000, பின்னதற்கு 80,000, ஆக 2,00,000 ரூபாய் இலாபம். விரிவான கணக்குப் புத்தகம் தேவையில்லை. இவ்வழியில் செல்வோருக்கு வரி ஏதும் இருப்பின் முன்வரியை நான்கு தவணையாக அன்றி மார்ச்சு 15-க்குள் ஒரே தவணையில் கட்டினால் போதும். ஆனால் ஒருமுறை இவ்வழியில் புகுந்து ஐந்தாண்டு முடியுமுன் வெளியேறினால், அதன்பின் ஐந்தாண்டுக்கு மீண்டும் புக இயலாது. ஆகவே ஆடிட்டரைக் கேட்காமல் ஆண்டுக்கோர் வழி மாறுதல் கூடாது.

எளிய வழி என்பதற்காக வீட்டிலும் கணக்கு எழுதாமல் விடுவது அறிவுடைமையன்று என்பது நமது கருத்து. அரசுக்குக் காட்டும் கணக்கு வேறு வகையினதாக இருக்கலாம். தொழில் வாழ்கிறதா தேய்கிறதா என்று நமக்கு நாமே அறிந்துகொள்ளும் கணக்கு ஒன்று இருந்தே தீரவேண்டும். நாள்வழி, பேரேடு, ஐந்தொகை என்னும் சொற்கள் நம் பாட்டனாருக்குத் தெரிந்திருந்தன. இன்று கைப்பேசியின் ஒலியைக் கேட்டுப் பணம் வந்தது என்று மகிழ்வதோடு கணக்கு முடிந்துவிடுகிறது.

கணக்கின் முதற்படி சரக்கெடுப்பு. இரட்டைப் பதிவுக் கணக்குமுறையை 1494-இல் வெனிசு நகரில் அச்சிட்ட தம் கணித நூலில் விளக்கியவர் லூக்கா பசியோலி என்னும் பிரான்சிஸ்கன் துறவி. அம்முறையை அவர் கண்டுபிடிக்கவில்லை. வெனிசு வணிகர் முன்னரே கையாண்டுவந்ததைத்தான் ஒழுங்குபடுத்தி எழுதினார். அவரும் வணிகன் முதலில் செய்யவேண்டியது தன்னிடமுள்ள பொருள் யாவற்றையும் பட்டியலிடுதலே என்றுதான் தொடங்குகிறார். மளிகைக்கடையில் இது எளிது. மூட்டையை எண்ணலாம், டப்பாவை எண்ணலாம். பீங்கான் பட்டறையிலோ இது ஒரு கலை.

பட்டறைக்குள் நுழைந்து பாருங்கள். ஒரு மூலையில் களிமண் குவியல்; பெல்ஸ்பார், குவார்ட்சு மூட்டைகள். தொட்டியில் கரைத்து வைத்த களிக்குழம்பு. பிளாஸ்டர் அச்சுகளில் ஊற்றி இறுகிக்கொண்டிருக்கும் பொம்மைகள். பலகையில் உலரும் பச்சைப் பொம்மைகள். ஒருமுறை சுட்டு, இன்னும் மெருகு பூசாதவை. மெருகு பூசி மறுசூட்டுக்குக் காத்திருப்பவை. வண்ணந்தீட்டி வைக்கோலில் அடுக்கியவை. ஓரத்தில் மூக்குடைந்தும் விரிசல் விட்டும் ஒதுக்கப்பட்டவை. இவற்றுள் எது சரக்கு? யாவும் சரக்கே. விற்பனைக்கு ஆயத்தமானவற்றை மட்டும் எண்ணிவிட்டு மற்றதை 'மண்தானே' என்று விட்டுவிடுவோர் பலர். மண் அன்று அது; மண்ணோடு கூலியும் எரிபொருளும் சேர்ந்தது.

மதிப்பிடும் விதி ஒன்றுதான்: அடக்கவிலை, விற்கக்கூடிய விலை ஆகிய இரண்டில் எது குறைவோ அது. ஒரு பொம்மை பச்சை நிலையில் 12 ரூபாயும், முதற்சூடு கண்டபின் 20 ரூபாயும், முற்றும் முடிந்தபின் 35 ரூபாயும் அடங்குகிறது என்றும், கடைக்கு 60 ரூபாய்க்கு விற்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். முடிந்தவை 1,000 இருப்பின் மதிப்பு 35,000. 60,000 அன்று, ஏனெனில் இன்னும் விற்கவில்லை. முதற்சூடு கண்டவை 300 எனில் 6,000. பச்சை 500 எனில் 6,000. பழுதானவை 100 உண்டு. அவை சந்தையில் 15 ரூபாய்க்கே போகும் எனில், அடக்கம் 35 ஆயினும் 15 என்றே போட்டு 1,500. ஆக 48,500 ரூபாய். இதனைக் கணக்கில் சேர்க்காவிடின் இவ்வாண்டு இலாபம் 48,500 குறைந்து தோன்றும். வருமாண்டு அச்சரக்கு விற்கும்போது எதிரே செலவு ஏதுமின்றி இலாபம் பொய்யாகப் பெருத்துக் காட்டும். பழுதுகளைக் குப்பைக்குழியில் கொட்டுமுன் எத்தனை என்று தேதியோடு குறித்துவைப்பதும் நலம். சூளையில் நூற்றுக்கு எத்தனை உடைகிறது என்பது தெரியாதவர் விலை சொல்லுவது குருட்டு விலையே. அச்சுகளையும் மறவாதீர், தேய்ந்துபோன அச்சுக்கு மதிப்பில்லை.

மார்ச்சு மாதக் கடைசி வாரத்தில் வரியைக் குறைக்கும் பொருட்டு இயந்திரம் வாங்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. விற்பவரும் அதனைத் தூண்டுவர். ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்ட இயந்திரத்துக்குத் தேய்மானத்தில் பாதிதான் கிடைக்கும். நூற்றுக்கு 15 என்பது ஏழரை ஆகும். மார்ச்சு 31-க்குள் பட்டறையில் ஓடாமல் பெட்டியிலேயே இருந்தால் அப்பாதியும் இல்லை. மேலே கூறிய எளிய வழியில் செல்வோருக்கோ தனித் தேய்மானம் என்பதே கிடையாது. தேவைக்கு வாங்குங்கள், வரிக்காக வாங்காதீர்கள்.

சரக்கு, சேவை வரியைப் பற்றியும் சில கூறவேண்டும். 2017 சூலை 1 முதல் நடப்பிலுள்ள இவ்வரிக்கு, பொருள் விற்போர் தமிழகத்தில் ஆண்டு விற்பனை 40 இலட்சத்தைத் தாண்டினால் பதிவு செய்யவேண்டும். ஒன்றரைக் கோடி வரை விற்பனையுள்ள உற்பத்தியாளரும் கடைக்காரரும் காம்போசிஷன் திட்டத்தில் சேர்ந்து விற்பனையில் நூற்றுக்கு 1 செலுத்தி விடுபடலாம். வருமாண்டு இத்திட்டத்துக்கு மாற விரும்புவோர் மார்ச்சு 31-க்குள் விண்ணப்பிக்கவேண்டும். ஏப்ரல் பிறந்தபின் நினைத்துப் பயனில்லை. ஆனால் இத்திட்டத்தில் உள்ளவர் வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்கலாகாது. நமக்குப் புதுச்சேரி பக்கத்து ஊர்; சட்டத்துக்கோ அது வேறோர் ஆட்சிப் பகுதி. கடலூர் கடைக்கு விற்கும் பொம்மையையே புதுச்சேரிக் கடைக்கு விற்றால் திட்டத்துக்கான தகுதி போய்விடும். இதனை அறியாது சிக்கியோர் உண்டு.

2025 செப்டம்பர் 22 முதல் 12, 28 விழுக்காட்டு அடுக்குகள் நீக்கப்பட்டுப் பல பொருள்களின் வரி மாறிற்று. ஆகவே 2025-26-ஆம் ஆண்டின் பில்களில் ஒரே பொருளுக்கு ஆண்டின் முற்பாதியில் ஒரு வரியும் பிற்பாதியில் வேறு வரியும் இருக்கக்கூடும். அதனை மாதவாரியாகச் சரிபார்த்து வைத்தல் நன்று. பில் எண் வரிசையும் நிதியாண்டுக்கு உட்பட்டது. ஏப்ரல் 1-இல் புதிய வரிசை தொடங்கவேண்டும்.

ரொக்கத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. தொழிற்செலவுக்காக ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அச்செலவு கணக்கில் ஏற்கப்படாது. லாரிக்காரருக்கு மட்டும் 35,000 வரை உண்டு. ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 இலட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறலாகாது. கைமாற்றாக 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கத்தில் வாங்கினால் வாங்கிய தொகை முழுவதுமே அபராதமாகக்கூடும். மைத்துனரிடம் வாங்கினோம் என்றாலும் சட்டம் முகம் பார்ப்பதில்லை.

அடுத்து, வரவேண்டிய பாக்கி. சிறுதொழில் செய்வோரைக் கொல்வது வரியன்று, பாக்கியே என்பது நமது உறுதியான எண்ணம். ஆறு மாதமாகப் பொம்மைக்குப் பணம் தராத நகரத்துக் கடைக்காரரிடம் போய் நின்று கெஞ்சுவதே பலருக்கு வசூல்முறை. ஆனால் 2006-ஆம் ஆண்டின் நுண், சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் என்ன கூறுகிறது? எழுத்தில் ஒப்பந்தம் இருப்பின் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லையெனில் 15 நாளுக்குள் பணம் தரவேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டியைப்போல் மும்மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டியாகத் தரவேண்டும். பல்லாண்டு இது ஏட்டுச்சுரைக்காயாகவே கிடந்தது. 2023-24-ஆம் ஆண்டு முதல் வருமான வரியில் ஒரு விதி சேர்ந்தபின்னரே அதற்குப் பல் முளைத்தது. நுண், சிறு உற்பத்தியாளருக்கு இக்காலவரம்புக்குள் தராத தொகையை, முறையான கணக்கு வைத்துள்ள வணிகர், உண்மையில் பணம் கொடுக்கும் ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். கெடு கடந்த பாக்கி மார்ச்சு 31-இல் நிற்குமாயின் அத்தொகைக்கும் சேர்த்து அவர் வரி கட்டவேண்டும். ஆகவே மார்ச்சு மாதத்தில் அவரே உங்களைத் தேடிவரலாம்.

ஆனால் நீங்கள் சிறுதொழிலர் என்பதற்குச் சான்று வேண்டும். அது 2020 சூலை 1 முதல் நடைபெறும் உத்யம் பதிவு. அதற்குக் கட்டணம் இல்லை. பணம் கேட்கும் தரகரை நம்பவேண்டாம். முதலீடு இரண்டரைக் கோடியும் விற்பனை 10 கோடியும் மிகாதவை நுண்தொில் என்று 2025 ஏப்ரல் முதல் வரையறுத்துள்ளனர். நம் ஊர்ப் பட்டறைகள் யாவும் இதற்குள் அடங்கும். பதிவெண்ணைப் பில்லிலேயே அச்சிட்டுக்கொள்க. வாங்கி விற்கும் கடைக்காரர் இப்பதிவைப் பெறினும் இந்த 45 நாள் பாதுகாப்பு அவருக்கில்லை. மார்ச்சு முதல் வாரத்திலேயே யார் யார் எவ்வளவு, எந்தத் தேதிப் பில் என்று எழுதி ஒவ்வொருவருக்கும் கடிதம் அனுப்புங்கள். சில கடைக்காரர் பில் தேதியை ஏப்ரலுக்கு மாற்றித் தருமாறு கேட்கக்கூடும். இணங்காதீர்கள். அனுப்பிய சரக்குக்குப் பொய்த் தேதி இட்டபின் உங்கள் உரிமையை எதைக்கொண்டு நிலைநாட்டுவீர்கள்?

இனி வீட்டுக்குள் வருவோம். 2025 சூலையில் கர்நாடக மாநிலத்தில் நிகழ்ந்ததைச் செய்தித்தாள்களில் வாசித்திருப்பீர்கள். கைப்பேசி வழியாக ஆண்டுக்கு 40 இலட்சத்துக்கு மேல் வரவு கண்ட சிறுகடைக்காரர், பேக்கரிக்காரர் முதலானோருக்கு வணிகவரித் துறை அறிவிப்புகள் அனுப்பிற்று. வரவெல்லாம் விற்பனையன்று, உறவினர் அனுப்பியதும் கைமாற்றும் அதில் உண்டு என்று பலர் முறையிட்டனர். போராட்டம் எழுந்தபின் அரசு இறங்கிவந்தது. ஆனால் நம் வீடுகளின் நிலை என்ன? சிங்கப்பூரிலிருந்து மகன் அனுப்பும் பணமும், சீட்டுப் பணமும், நெல் விற்ற பணமும், கடை விற்பனையும் ஒரே வங்கிக் கணக்கில், ஒரே கைப்பேசி எண்ணில் வந்து விழுகின்றன. எது எது என்று மூன்று ஆண்டுக்குப்பின் யாரால் பிரிக்க முடியும்? ஏப்ரல் 1-க்கு முன் தொழிலுக்கெனத் தனி வங்கிக் கணக்கு ஒன்று தொடங்குங்கள். கடையில் ஒட்டிய கட்டம் போட்ட அட்டை அக்கணக்குக்கே உரியதாகட்டும். வீட்டுச் செலவுக்கு மாதம் இவ்வளவு என்று அதிலிருந்து எடுத்து, எடுத்ததை எழுதுங்கள்.

இத்தனையும் எழுதியபின்னும் பெரும்பாலான கணக்குகளில் இரண்டு இனங்கள் விடுபடுகின்றன. ஒன்று, இல்லத்தரசியின் உழைப்பு. பகலெல்லாம் பொம்மைக்கு வண்ணந்தீட்டுபவர் அவரே; அவருக்குக் கூலி இல்லாததால் பொம்மையின் அடக்கவிலை குறைந்து காண்கிறது; குறைந்த அடக்கத்தை நம்பிக் குறைந்த விலைக்கு விற்கிறோம்; வெளியாளைக் கூலிக்கு வைக்கும் நாள் வரும்போதுதான் நட்டம் தெரிகிறது. மற்றொன்று, அவருடைய நகை. களிமண் வாங்கவும் கூலி கொடுக்கவும் பணமின்றி அவர் கழுத்துச் சங்கிலி கூட்டுறவு வங்கிக்குச் செல்கிறது. அது எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. ஆண்டு முடிவில் 'இலாபம் 60,000' என்று கணவர் மகிழ்கிறார். அடகுச் சீட்டில் முதலும் வட்டியுமாக 75,000 நிற்கிறது. அது இலாபமன்று, சங்கிலிதான் இலாபம்போல் வேடமிட்டு நிற்கிறது. தொழிலுக்காக வாங்கிய நகைக்கடனின் வட்டி, முறையான கணக்கு வைப்போருக்குச் செலவாக ஏற்கத்தக்கதே. அதற்காகவேனும் அடகுச் சீட்டைப் பேரேட்டில் ஏற்றுங்கள். யார் நகை, எத்தனை கிராம், எந்நாள், எத்தொகை, எதற்காக என்று மனைவியின் பெயரில் ஒரு பக்கம் திறந்து எழுதுங்கள். கொடுத்தவருக்கு அப்பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள். அதில் ஒப்பமிடும் உரிமை அவருக்கே உண்டு.

எஞ்சியவை சில்லறை. அரையாண்டுத் தொழில்வரியையும் சொத்துவரி நிலுவையையும் பேரூராட்சி அலுவலகத்தில் மார்ச்சு 31-க்குள் செலுத்தி இரசீது பெறுக. கூலிக்குச் செய்துகொடுத்த வேலையில் எவரேனும் வரிப்பிடித்தம் செய்திருப்பின், அது உங்கள் பெயரில் ஏறியுள்ளதா என்று ஆடிட்டரைப் பார்க்கச் சொல்லுக. அவரிடம் மார்ச்சு 30 இரவில் மூட்டையாகத் தாள்களைக் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். அவருக்கும் குடும்பம் உண்டு. சூளைக்காரருக்கு இன்னுமொன்று: நெருப்புக்குள் இருப்பதை எண்ண முடியாது. கடைசிச் சூட்டை மார்ச்சு 28-க்குள் முடித்துவிடுங்கள். சூளை ஆறித் திறந்து, நல்லதையும் உடைந்ததையும் பிரித்து அடுக்க இரண்டு நாளாவது வேண்டும்.